சைலன்சரில் ஒரு முனகல்

"இருக்கு. இன்னும் இருக்கு," என்றார் ஏப்னர், வேனின் பின்னாலிருந்து.

மெர்சியா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். சொந்த ஊரான மாம்ரேயிலிருந்து கிளம்பி, பாதி வழியிலுள்ள கிளான்வில்லியம்கூட வரவில்லை. அதற்குள் புருஷன் முன் இருக்கையை விட்டு எழுந்து, படுக்கை மெத்தையைச் சுருட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு, அடியில் இன்ஜினை மூடியிருக்கும் பலகையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டார்.

ஐம்பத்தெட்டு வயது. ஊரிலுள்ள மொரேவியன் கிறிஸ்தவ சபையின் எக்காளக் குழுவுக்குத் தலைவர்.

வேனை வாங்கியதே வசந்தத்தில் வடக்கே போய்ப் பூப் பார்க்கத்தான். வெறும் மண்ணில் ஆரஞ்சுத் துணி விரித்துப் போட்டதுபோல் கிடக்கும். வெயில் ஏறினால் எல்லாம் கருகிவிடும். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் பூக்கள் இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

முதலில் பழைய இன்ஜின் உயிரை விட்டது. எங்கோ தேடி ஐந்து சிலிண்டர் கார் இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். இன்ஜின் பெரிசு, புகை போகிற குழாயோ பழைய இன்ஜினுடைய ஒல்லிக் குழாய். மேட்டில் வண்டிக்கு மூச்சு முட்டியது. இறக்கத்தில் உறுமியது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வந்து நின்றால், வண்டி அடங்கும்வரை போதகர் ஜெபத்தை நிறுத்திவைத்தார்.

பக்கத்து ஊர் அட்லாண்டிஸில் சைலன்சர் பட்டறை வைத்திருக்கும் ஃபயிக்கிடம் போனார்கள். அவன் அகலமான எவர்சில்வர் குழாயை வளைத்து வெல்டிங் வைத்தான். உறுமல் அன்றே போய்விட்டது.

ஆனால் ஏப்னருக்கு ஒரு முனகல் கேட்டது.

ஃபயிக் நடுவில் இன்னொரு சைலன்சர் சேர்த்தான். முனகல் போகவில்லை. குழாயைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினான், கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டான், சூடு தாங்கும் பட்டையைச் சுற்றினான். கடைசியில் மெர்சியாவைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, இந்த வண்டிக்கு இனிமே சத்தம் போடவே தெரியாது. அங்கிள்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சொன்னாள். அவர் தலையில் ஏறவில்லை.

வேறு யாராவது சொல்லியிருந்தால் பிரமை என்று அவளும் விட்டிருப்பாள். அவர் அந்த முனகலின் சுருதியையே சொன்னார், பி ஃப்ளாட் என்று. ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் அவர் வாயால் இழுக்கும் சுருதிக்குத்தான் குழு முழுவதும் வாத்தியத்தைச் சேர்க்கும். மாம்ரேயில் அந்தக் காதைச் சந்தேகப்பட்டவர் கிடையாது. தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று மெர்சியா இரண்டு வருஷமாகத் தன் காதையே நொந்துகொண்டிருந்தாள். எரிச்சலில் பாதி அது.

இன்று விடிந்ததிலிருந்து வேகத்தைக் கூட்டு என்கிறார், குறை என்கிறார், கியரை விட்டுச் சும்மா உருளவிடு என்கிறார். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரனில் கை வைத்தபடியே தாண்டிப் போனார்கள். வழிக்குக் கட்டிய முட்டையும் இறைச்சி உருண்டையும் பிரிக்காமலே கிடந்தன.

பிறகு அவர், வண்டியைத் திருப்பு, அட்லாண்டிஸுக்கே போவோம், குழாயின் கடைசியில் ஒரு சைலன்சர் போட்டால் சரியாகிவிடும் என்றார்.

மெர்சியா தார் ரோட்டை விட்டு வண்டியை மண்ணில் இறக்கினாள். இன்ஜினை அணைத்து, சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி, கதவை அறைந்து சாத்தினாள். நீயும் உன் குழாயும் ஊருக்குத் திரும்புங்கள், நான் பஸ் பிடித்துப் போய்ப் பூப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதற்காகப் பின்பக்கம் போய்க் கதவைத் தூக்கினாள்.

காற்று இல்லை. ரோட்டில் ஒரு வண்டி இல்லை.

ஏப்னர் கண்ணை மூடி, காதைப் பலகையில் அழுத்தியபடி, ஒரு விரலை உயர்த்தினார்.

"பேசாத. இப்பதான் சுத்தமாக் கேக்குது. இப்பவாவது உனக்குக் கேக்குதா?"

அவர் கண்ணைத் திறந்தார். அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

மெல்லத் தலையைத் தூக்கினார். உள்ளங்கைகளால் இரண்டு காதுகளையும் பொத்தினார். எடுத்தார். மறுபடி பொத்தினார்.

மெர்சியா பஸ்ஸை மறந்தாள். மெத்தையை விரித்துப் போட்டாள், அவர் முன்னால் வந்து உட்காரும்வரை நின்றாள், வண்டியை வடக்கே எடுத்தாள்.

வான்ரைன்ஸ்டோர்ப் ஊரைத் தாண்டியதும் பூ தொடங்கியது. ரோட்டின் இரண்டு பக்கமும், மலையடிவாரம்வரை ஆரஞ்சு. அவள் வண்டியை மெதுவாக்கினாள். ஏப்னர் கண்ணாடியை இறக்கி, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்ரிக்கோ சரியாத்தான் ஊதியிருக்கான்," என்றார்.

எல்ரிக்கோ பதினைந்து வருஷமாகக் குழுவில் அவருக்குப் பக்கத்தில் நின்று ஊதியவன். சுருதி சேரவில்லை என்று, போன மாதம்தான், சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அவன் கையிலிருந்து எக்காளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.