திரையில் நூற்றுப் பத்து

திரையில் நூற்றுப் பத்து என்று வந்ததும் சூரியபிரகாஷ் கைதட்டப் போய், இது ஆஸ்பத்திரி என்று நினைவு வந்து, கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜர் அவர். தையல் லைனுக்கு மேலே தொங்கும் போர்டில் மணிக்கு இத்தனை ஜோடி என்று ஓடும் நம்பர்தான் அவருக்கு வேதவாக்கு. நம்பர் ஏறினால் எல்லாம் நலம், கீழே யார் மயங்கி விழுந்தாலும் சரி.

காலையில் கம்பெனி குடோனில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி, தொழிலாளி கோபியைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. வெளியே ஒரு கீறல் இல்லை, வயிற்றுக்குள்தான் ரத்தம் கொட்டியது. வேலூர்வரை தாங்காது என்று வழியில் பைபாஸ் ஓரத்து ஆஸ்பத்திரியிலேயே இறக்கிவிட்டார்கள்.

கோபியின் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு சூரியபிரகாஷ் ஆற அமர வந்து சேர்ந்தபோது, திரையில் பிரஷர் எழுபதுதான்.

அப்புறம் நர்ஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சின்ன மெஷினில் ஒரு பட்டனை அழுத்தினார். எழுபது தொண்ணூறானது. மறுபடி அழுத்தினார், நூற்றுப் பத்தானது. இப்படி ஒரு பெண் நம் லைனில் இல்லையே என்று சூரியபிரகாஷ் மனதார ஏங்கினார்.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த கோபியின் மனைவி மோகனா, கண்ணாடிக் கதவருகே நின்று அழுதாள்.

“காலு ஜில்லுனு இருக்குது சார். வெரல்லாம் வெளுத்துப் போச்சு. பயமா இருக்குது.”

“ஏசி ஜாஸ்தியா வச்சிருப்பாங்கம்மா. நீ இன்னாத்துக்கு காலைப் பாக்குற? நம்பரைப் பாரு.”

மோகனா நம்பரைப் பார்த்தாள். நம்பர் நன்றாகத்தான் இருந்தது. படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பாவம்.

வாசலில் கம்பெனி வேன் நின்றது. கோபிக்கு ரத்தம் கொடுப்பதற்காக சூப்பர்வைசர் வாஹித் பாஷா பாதி செக்‌ஷனை அள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருந்தார். போட்டது போட்டபடி ஓடிவந்ததில் ஒருவர் கையிலும் போன் இல்லை. வேலை நேரத்தில் போனைக் கேட்டில் ஒப்படைக்க வேண்டும் என்பது சூரியபிரகாஷ் போட்ட சட்டம்.

லைனைக் காலியாக விட்டுவிட்டு இத்தனை பேர் மரத்தடியில் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரஷர் ஏறிவிட்டது, எல்லோரும் வண்டியில் ஏறுங்கள், சாயங்காலம் கன்டெய்னர் கிளம்ப வேண்டும் என்றார். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று வாஹித் பாஷா இழுத்தார்.

டாக்டர் ஆபரேஷனுக்குத் தயாராகிறார், அவரை எதற்குத் தொந்தரவு செய்வது? சூரியபிரகாஷ் வேன் கதவைத் தானே சாத்தி, இரண்டு தட்டுத் தட்டி அனுப்பிவைத்தார்.

பிறகு முதலாளிக்குப் போன் போட்டு, ஆள் பிழைத்துக்கொண்டான், லைனும் நிற்கவில்லை என்று நற்செய்தி சொன்னார். முதலாளி பாராட்டியதில் அவருக்குப் பசிகூட எடுத்தது.

போனை வைப்பதற்குள் டாக்டர் பிரிசில்லா வேகமாக வெளியே வந்தார். ஆஸ்பத்திரியில் இருந்த ரத்தப் பைகள் தீர்ந்துவிட்டன, கொடுக்க வந்தவர்கள் எங்கே என்று கேட்டார்.

தேவைப்படாது என்று தாமே அனுப்பிவிட்டதாக சூரியபிரகாஷ் பெருமையோடு சொன்னார். “அதான் நூத்திப்பத்து வந்துடுச்சே டாக்டர்.”

டாக்டர் மோகனாவை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“ரத்தம் வர்ற வரைக்கும் கை கால் ரத்தக்குழாயைச் சுருக்குற மருந்து போட்டு நாங்க புடிச்சு வச்ச நம்பர் சார் அது. அந்த ரத்தத்தைத்தான் நீங்க வேன்ல ஏத்தி அனுப்பிட்டீங்க.”