அந்த வாரத்தின் எட்டாவது பேரழிவு

"இது செய்தியாம்மா, இல்ல பத்தியச் சாப்பாடா? உப்பு இல்ல, காரம் இல்ல!"

செய்தி ஆசிரியர் காகிதத்தை, அலுவலகமே 'அக்கா' என்று கூப்பிடும் பெண்ணின் மேஜை மேல் வீசினார். அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் தலைப்பு வைப்பது ஆசிரியர்தான். திரையின் அடியில் ஓடும் வரிகளை எழுதுவது அக்கா.

அக்கா எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'ஏரி நிரம்பிவிட்டது. கிழக்குக் கரை பலவீனமாக இருக்கிறது. தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போகவும்.'

"விஷயம் அதுதான் சார். பொறியாளர்கிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டேன்."

"விஷயத்தை எவன்மா உக்காந்து பாப்பான்?" பேனாவை எடுத்து எல்லாவற்றையும் அடித்தார். மேலே எழுதினார்: 'ஊரையே விழுங்க வரும் பேரழிவு!'

"மேட்டுக்குப் போகச் சொன்ன வரியையும் அடிச்சிட்டீங்களே சார்?"

"இடம் இல்லம்மா."

அந்த வாரத்தில் அது எட்டாவது பேரழிவு. வெங்காய விலை ஏறியது பேரழிவு. கால்பந்தில் ரெண்டு கோல் வாங்கித் தோற்றது சர்வநாசம். ஒரு நடிகையின் படம் ஓடாதது வரலாறு காணாத வீழ்ச்சி. போன மாதம் நிலையத்தைப் பார்ப்பவர்களே பாதியாகக் குறைந்துபோனார்கள். அதற்கு மட்டும் ஆசிரியர் முதலாளிக்கு 'சிறு சுணக்கம்' என்று எழுதியிருந்தார்.

மத்தியானம் மூன்று மணி. நிருபர் போனில் அலறினார்.

"சார், கரை உடைஞ்சிருச்சு! கிழக்குப் பக்கம்!"

ஆசிரியருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் வீடு அந்தப் பக்கம்தான். அதுவும் கீழ் வீடு. வீட்டில் மனைவியும் இரண்டு வயது மகளும் மட்டும்.

மனைவியின் எண்ணை அழுத்தினார்.

"பேரழிவு! உடனே கிளம்பு!"

"ஆமாங்க, டிவியிலயும் அதான் ஓடுது." மனைவி கொட்டாவி விட்டாள். "முந்தாநாள் வெங்காயத்துக்கும் இதேதானே ஓடிச்சு."

"ஐயோ, இது நிஜமான பேரழிவுடி! சர்வநாசம்!"

"ஏன், மேட்ச்ல மறுபடியும் தோத்துட்டாங்களா? இங்க மழையே நின்னுபோச்சுங்க. பாப்பா இப்பதான் கண்ணசந்திருக்கா. சும்மா கத்தி எழுப்பிடாதீங்க."

வைத்துவிட்டாள்.

அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே அக்கா எழுந்து வெளியே போய்விட்டார்.

"ஊரே முழுகுது, இவங்களுக்கு டீ கேக்குது பாரு," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ஆசிரியர் மறுபடி அழுத்தினார். லைன் பிஸி. திரும்பவும் பிஸி.

"இந்த நேரத்துல யார்கிட்டடி அரட்டை அடிக்கிற!"

நாலாவது தடவை மணி போனது. எடுக்க ஆளில்லை. அடுத்தடுத்து பத்துத் தடவை மணி போனது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

ஆசிரியர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாக வாரி இறைத்த பெரிய பெரிய வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "பாப்பா... பாப்பா..." என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு.

"நான்தாங்க. மாடி வீட்டுக்காரங்க போன்ல பேசறேன். என் போன் கீழேயே இருந்துபோச்சு. தண்ணி நம்ம ஜன்னலைத் தாண்டிருச்சுங்க. பாப்பா என் மடியிலதான் இருக்கா."

"அப்பாடா! என் பேச்சைக் கேட்டியே, அது போதும்!"

"உங்க பேச்சை எங்க கேட்டேன்? உங்க ஆபீஸ்லருந்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க. 'இன்னும் இருபது நிமிஷத்துல உங்க தெருவுக்குத் தண்ணி வந்துரும். குழந்தையைத் தூக்கிட்டு மாடிக்குப் போங்க. போகும்போது பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்க'ன்னாங்க. அவ்வளவுதான். அவங்க பயமுறுத்தவே இல்லைங்க. அதான் எனக்குப் பயம் வந்துச்சு."

ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா அப்போதுதான் உள்ளே வந்தார். கையில் ஊழியர்களின் வீட்டாருடைய போன் எண்கள் இருந்த பட்டியல். கிழக்குப் பக்கம் குடியிருக்கும் ஒன்பது பேருக்கு நேரே பென்சில் கோடு. யாருடைய வீட்டையும் விடவில்லை.

முணுமுணுத்தவர் குனிந்து ஏதோ தேடுவதுபோல் பாவனை செய்தார்.

ஆசிரியர் எழுந்து வந்து அக்காவின் முன்னால் கைகூப்பி நின்றார். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"நீங்க தெய்வம்மா. என் குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க."

"பரவால்ல சார். இப்பவாவது அந்த மேட்டுக்குப் போற வரியைப் போட்டுரலாமா? மேற்குக் கரையும் தாங்காதுன்னு பொறியாளர் சொல்றாரு."

சுவரில் இருந்த திரையில், மொட்டை மாடிகளில் நின்று துணியை ஆட்டிக் கூப்பிடும் ஜனங்கள் தெரிந்தார்கள். ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"தலைப்பை உடனே மாத்துங்க. 'பேரழிவை முன்கூட்டியே எச்சரித்த ஒரே தொலைக்காட்சி!' பக்கத்துல என் போட்டோ. கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்... அந்த வரிக்கு இடம் இல்லம்மா."