அணையில் ஒரு படகு அகலம்

இரண்டு நாளாக மழை கொட்டியும் ரூசினாவின் ரப்பர்த் தோட்டத்தில் தரை புகைந்துகொண்டேயிருக்கிறது. மக்கிய இலையும் வேருமே மண்ணான நிலம் அது. காய்ந்தால் மண்ணே விறகு. மேலே இலைகள் சொட்டுகின்றன, காலடியோ சுடுகிறது. மண்ணுக்கடியில் ஊரும் நெருப்பு இன்னும் இரண்டு வரிசை தாண்டினால் அவள் பால் வெட்டும் மரங்கள். நிலத்தடி நீர்மட்டம் பார்க்கப் புதைத்த துளையிட்ட குழாயில் மூங்கில் குச்சியை இறக்குகிறாள். ஒரு கை நீளம் போன பிறகே நுனி நனைகிறது.

"இவ்வளவு மழைத் தண்ணியும் எங்க போச்சு மாமா?"

தோட்டத்தோரக் கால்வாயில் படகைக் கட்டும் தேஹென் சிரிக்கிறார். "காதைக் குடுத்துக் கேளு."

சலசலவென்று ஓசை. கால்வாயின் குறுக்கே கட்டிய மரக்கட்டை அணையின் நடுவே, ரப்பர் ஏற்றிய படகு போக வெட்டிய இடைவெளியில், தேயிலைச் சாற்று நிறத்தில் தண்ணீர் கஹாயான் ஆற்றுக்கு ஓடுகிறது.

"இதை வெட்டச் சொன்னது யாரு?"

"நான்தான். படகத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப் போச்சே!"

"இடுப்பு தப்பிச்சுது, தோட்டம் மாட்டிக்கிச்சு."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. இருவருமாக மண் மூட்டைகளை இடைவெளியில் இறக்குகிறார்கள். ஐந்தாவதில் ஓசை மெலிகிறது, எட்டாவதில் அடங்குகிறது. மறுபடி தூறல். கரையோரப் புல் மெல்ல மூழ்குகிறது. சாயங்கால வெளிச்சத்தில் குச்சியை உருவிப் பார்க்கிறாள்: ஈரம் நான்கு விரல் ஏறியிருக்கிறது. மழை மேல்மண்ணைத்தான் நனைக்கும். அணையை அடைத்தால் அதே மழை நிலத்துக்குள் தங்கி, கீழிருந்து ஏறி நெருப்பை அணைக்கும். படகைத்தான் இனி தூக்கிக் கடத்த வேண்டும்.