மேட்டில் மட்டும் வரும் சத்தம்

பாதி மேடுகூட ஏறவில்லை. முன்னால் போன மாப்பிள்ளை பிரேக்கைப் பிடித்துவிட்டார்.

"மச்சான், ஒரு நிமிஷம். சத்தம் வருது."

"மறுபடியுமா?"

பின்னால் வந்த மச்சான், அதாவது அவர் மனைவியின் அண்ணன், சைக்கிளை மரத்தில் சாய்த்தார். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னார்.

"போன வாரம் பெடல். அதுக்கு முன்னாடி சீட் கம்பி. இன்னைக்கு என்ன?"

"செயினோன்னு ஒரு சந்தேகம்."

மாப்பிள்ளை மண்ணில் மண்டிபோட்டு, சைக்கிள் சட்டத்தில் காதை வைத்து, பெடலைக் கையால் மெல்லச் சுற்றினார். கைக்குழந்தையைத் தூங்கவைப்பவர்கூட அவ்வளவு பொறுமை காட்ட மாட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"நின்னா கேக்காது மச்சான். மேட்டுல மிதிச்சாதான் வரும்."

"பேருதான் மவுண்டன் சைக்கிள். மலையைப் பாத்தா அழுவுது."

வீட்டுக்கு வந்ததும் மச்சான் இதைத் தங்கையிடம் நடித்தே காட்டினார். தரையில் படுத்து நாற்காலிக் காலில் காதை வைத்துக்கொண்டு, "செயினோன்னு ஒரு சந்தேகம்" என்றார். தங்கைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அண்ணன் கிளம்பிப் போனதும் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நிஜமாவே சத்தம் வருதா? இல்ல, மேடு ஏற முடியாம சாக்கு சொல்றீங்களா? எங்கண்ணன் அப்படித்தான் சொல்லிட்டுப் போறான்."

"சத்தம் வருதும்மா."

"எதுலேர்ந்து?"

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

"நல்லா தேடினீங்க. அவன் நெஞ்சுவலி வந்து பிழைச்சதே பெரிய விஷயம். உடம்பு அசையணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். நீச்சலுக்குப் போனான், யாரோ முந்திட்டாங்கன்னு விட்டான். ஜிம்முக்குப் போனான், அதுவும் ரோஷத்துல போச்சு. இது ஒண்ணுதான் நிலைச்சிருக்கு. உங்க ஓட்டை சைக்கிளால இதையும் வெறுத்துட்டான்னா நான் உங்களைச் சும்மா விட மாட்டேன்."

அவர் சோப்புப் போட்டுக் கையிலிருந்த கிரீஸைக் கழுவப் போய்விட்டார்.

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு, அவளே சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கடைக்காரர் பெடலைக் கழற்றினார், சீட்டைக் கழற்றினார், ஒவ்வொரு திருகையும் முறுக்கிப் பார்த்தார். பக்கத்துக் கட்டடத்தின் கார் ஏறும் சரிவில் நின்றபடியே மிதித்து ஏறி இறங்கினார்.

"இதுல சத்தமே இல்லம்மா. எல்லாரும் சைக்கிளை இப்படி வெச்சிருந்தா நான் கடையை மூட வேண்டியதுதான்."

வீட்டுக்கு வந்த கையோடு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, அக்கு வேற ஆணி வேறயா பிரிச்சுப் பாத்தாச்சு. இனி சத்தத்துக்கு வேலையே இல்ல. நாளைக்கு எங்கேயும் நிக்காம நேரா உச்சிக்குப் போயிடலாம்."

அந்தப் பக்கம் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"அண்ணா?"

"கேக்குது, கேக்குது. நல்லதுதான். ஆனா நாளைக்கு எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கும்மா. அடுத்த வாரமும் சந்தேகம்தான். முழங்கால் வேற ஒரு மாதிரி இருக்கு. மாப்பிள்ளையைத் தனியா போயிட்டு வரச் சொல்லு."

சாயங்காலம் இதைச் சொன்னதும், ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த கணவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"காரியத்தைக் கெடுத்துட்டியே."

"நான் என்ன கெடுத்தேன்? நல்லா இருக்கற சைக்கிளை வெச்சுக்கிட்டு, சத்தம் சத்தம்னு ஊரை ஏமாத்தினது நீங்க."

"சத்தம் இருக்கு. சைக்கிள்ல இல்ல, எனக்குப் பின்னால. உங்கண்ணனுக்கு இரைக்கற சத்தம். இரைச்சா உடனே நிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். 'கொஞ்சம் நில்லுங்க மாப்பிள்ளை'ன்னு வாயைத் திறந்து கேக்கற ஆளா அவர்? 'உக்காருங்க மச்சான்'னு நான் சொன்னா, அன்னைக்கே சைக்கிளை யாருக்காவது குடுத்துடுவார்."

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாள் கேலியை வாங்கிக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்திருக்கிறாரே என்று கணவர்மேல் பாசமும் பொங்கியது. அதைச் சொல்ல அப்புறம் நேரம் இருக்கிறது. முதலில் போனை எடுத்தாள்.

"அண்ணா, கடைக்காரர் பேச்சை நம்பி மோசம் போயிட்டேன். இவர் இப்பதான் ஓட்டிப் பாத்துட்டு வந்தார். பழைய சத்தம் அப்படியே இருக்காம். இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்காம்."

"அது தேறாத கேஸுன்னு நான்தான் அப்பவே சொன்னேனே." அண்ணனின் குரலில் தெம்பு திரும்பிவிட்டது. "பாவம், மாப்பிள்ளை ஒண்டியா அதை வெச்சுக்கிட்டு நடுவழியில என்ன பண்ணுவார்? துணைக்கு நானும் வரேன்னு சொல்லு."