வெந்நீரும் மாமியாரும்

"இன்னிக்கும் தண்ணி வெதுவெதுன்னுதான் வருது. ஹீட் பம்ப்பை மறுபடியும் அணைச்சீங்களா அத்தை?"

குளித்த தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள் புலெங். அடுப்பில் சோளக்களி கிளறிக்கொண்டிருந்த மாலினெயோ திரும்பவில்லை.

"நாலு மணிக்குப் போட்டுட்டேனே."

"நாலுக்குப் போட்டா அஞ்சுக்கு எப்படிச் சுடும்? இது பழைய கீசர் இல்லை. காத்துல இருக்கிற சூட்டை இழுத்து மெதுவாத்தான் காய்ச்சும். மத்தியான வெயில்ல ஓடணும்னு மாட்டினவன் படிச்சுப் படிச்சுச் சொன்னானே?"

"பகல்ல அது வேண்டாம்மா. நான் வேணா கெட்டில்ல..."

"கெட்டில்ல காய்ச்சவா இதை வாங்கினோம்?"

புலெங் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு ஷிப்ட். ப்ளூம்ஃபான்டெய்ன் நகரின் ஜூலை மாதக் குளிர்காலத்தில் விடிய விடிய நிற்கப் போகிறவளுக்கு, கிளம்பும் முன் ஒரு வெந்நீர்க் குளியல்தான் தெம்பு. இரண்டு வாரம் முன்பு மெஷினை மாட்டியதே அதற்காகத்தான்.

கணவன் துமேலோ வந்ததும் பொரிந்து தள்ளினாள்.

"முப்பது வருஷம் கீசரை அணைச்சு அணைச்சுப் பழகின கை, சும்மா இருக்குமா? உங்கம்மாவுக்கு என் உடம்பைவிட கரண்ட் மீட்டர்தான் பெரிசு. இப்படியே போனா அவங்களை உன் அக்கா வீட்டுல கொண்டு விட்டுடு."

துமேலோ பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது மெஷின் மத்தியானம் தானாக ஓடும்படி வைத்து, சுவிட்ச் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வீடு திரும்பிய புலெங், பூட்டைப் பார்த்தாள். இன்றைக்காவது தண்ணீர் சுடும் என்ற நிம்மதியோடு படுத்தாள்.

மத்தியானம் பன்னிரண்டு மணி. தலைமாட்டில் யாரோ மாவு மில்லை ஓட்டுகிற மாதிரி இரைச்சல். தூக்கிவாரிப் போட்டது. தலையணையால் காதை மூடினாள், புரண்டு படுத்தாள். போன தூக்கம் போனதுதான். படுக்கையறை ஜன்னலுக்கு அடியில்தான் அந்த மெஷின். சாயங்காலம் விழித்திருக்கும்போது இது வெறும் முனகலாகத்தான் கேட்கும்.

எரிச்சலோடு எழுந்து திரையை விலக்கினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முக்காலியின் மேல் தடுமாறியபடி மாலினெயோ. போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றி ஜன்னலுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தாள். வெறும் தோள் குளிரில் நடுங்கியது.

"முழிச்சுட்டியா கண்ணு? பெட்டியைப் பூட்டிட்டுப் போயிட்டான், அணைக்க முடியலை. இதைக் கட்டினா சத்தம் கொஞ்சம் அடங்கும். நீ தூங்கு."