கட்டுப் போட்ட கால்

"இந்தக் குதிரையை விலைக்குக் கேட்காதே திபோ. முன்னங்கால் போச்சு. இன்னிக்கு ஓடிடும், அப்புறம் தாங்காது."

யானிக் காதோடு சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டான்.

திபோவுக்குச் சுருக்கென்றது. ஒரே லாயத்தைக் கூட்டாக நடத்தி, சண்டை போட்டுப் பிரிந்தவன் யானிக். இப்போது வேறொரு முதலாளியிடம் வேலை; மிராபெல் என்ற அந்தக் குதிரையைப் பழக்குகிறவன் அவன்தான். ரெண்டு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவனுக்கு இன்றைக்கு என்ன திடீர்க் கரிசனம்?

"பார்த்தியா சபீன், கதையை!" என்றான் மனைவியிடம். "மிராபெல்லுக்குக் கால்ல கட்டு வேற போட்டு வச்சிருக்கான். எவனும் கேட்டுடக் கூடாதாம்!"

ஷாந்தியி குதிரைப் பந்தயத் திடலில் அன்று ஆயிரம் மீட்டர் நேர் ஓட்டம். ஓடிய குதிரை எதையும், ஓட்டம் முடிந்த கையோடு யார் வேண்டுமானாலும் விலைக்குக் கேட்கலாம். தொகையை எழுதி, உறையிலிட்டு ஒட்டி, பெட்டியில் போட வேண்டும். யார் தொகை பெரிதோ அவருக்குக் குதிரை. பரிசுக்கு ஆசைப்பட்டு நல்ல குதிரையை இறக்குகிறவர்கள், அது பறிபோகாமல் இருக்க நல்ல காலுக்கே கட்டுப் போட்டுக் கூட்டி வருவார்கள். அங்கே இது ஊரறிந்த தந்திரம்.

"நிஜமாவே கால் சரியில்லையோ என்னவோ," சபீன் இழுத்தாள். "நம்ம கையில இருக்கறது குளிர்காலத் தீவனப் பணம். இதுவும் போச்சுன்னா லாயத்தை இழுத்து மூட வேண்டியதுதான்."

"அவனாவது, உண்மை பேசறதாவது! அங்க பாரு."

வேலியோரம் யானிக் மற்ற லாயக்காரர்களின் தோளைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

"எல்லார் காதுலயும் இதையேதான் ஓதறான். நான் என்ன இளிச்சவாயனா?"

கதவு திறந்ததும் மிராபெல் பாய்ந்தது. ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மிராபெல் இரண்டாவது.

"கால் போன குதிரை ஓடற ஓட்டமா இது?"

திபோ பெட்டியை நோக்கி ஓடினான். இருந்த பணம் அத்தனையையும் எழுதிப் போட்டான். குதிரை அவனுக்கே கிடைத்தது.

மறுநாள் காலையில் கட்டை அவிழ்த்தால், கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. மருத்துவர் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இனிமே புல் மேயலாம். ஓட முடியாது."

சபீன் காலித் தீவன அறைக்குள் போய் நின்று அழுதாள்.

திபோ நேரே காபிக் கடைக்குப் போய் யானிக்கின் சட்டையைப் பிடித்தான்.

"பாவி! என் குடியைக் கெடுத்துட்டியேடா!"

"கால் போச்சுன்னு சொன்னேனா, இல்லையா?"

"ஆமாம், சொன்னே! போச்சுன்னு சொன்னாத்தான் எல்லாரும் அடிச்சுப் பிடிச்சு வாங்குவாங்கன்னு ஊர் பூராவும் சொல்லி வச்சே!"

யானிக் அவன் கையை மெதுவாக விலக்கிவிட்டான்.

"முதலாளிக்கு அதைத் தள்ளி விட்டாகணும். 'கட்டெல்லாம் சும்மா, கால் கல்லு மாதிரி இருக்கு'ன்னு அத்தனை பேர்கிட்டயும் புளுகினேன். உன்கிட்ட மட்டும்தான்டா எனக்குப் புளுக மனசு வரல."