விசாரிக்க வந்தவர்

பட்டா என்ற சின்ன லொறியைப் பின்னுக்கு எடுத்த வேகத்தில், வீட்டுக்கு வந்தவரின் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டேன். முற்றத்தில் அந்த ஒரு வாகனம்தான் நின்றது. அதையும் தேடிப்பிடித்து இடித்த நான்தான், கடற்படையின் சாமான்களை நாடு முழுக்க ஏற்றி இறக்கும் வழங்கல் அதிகாரி வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன்.

வந்தவர் கோபிக்கவில்லை. உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். பட்டாவின் பின்பெட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். ஒட்ட வெட்டிய தலையைத் தடவிக்கொண்டார்.

“வாகனம் உங்கடயா, மல்லி?” தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லிக் கேட்டார்.

“மச்சான்ட, சேர். மன்னிச்சுக்கங்க. உள்ளுக்கு வாங்க.”

இந்த வேலைக்கு எழுதிப் போட்டால், சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் ஊருக்கு வந்து ஆளைப் பற்றி விசாரிப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்காகவே தினமும் சவரம் செய்து, எங்கள் ஊர் கண்டக்குழி முழுக்க மாப்பிள்ளை மாதிரித் திரிந்தேன். அன்று காலையில் என் அக்கா, நுஸ்ரா ராத்தாவே என் சட்டையை அயன் பண்ணிக்கொண்டு சொன்னாள்: “இண்டைக்கு ஆள் வரும். கேக்கிறதுக்கெல்லாம் ஒளிக்காமச் சொல்லு.”

“உனக்கு எப்புடித் தெரியும்?” என்று கேட்டேன். கொலரை மறுபடி மறுபடி அழுத்தினாள்.

ராத்தாவின் புருஷன் ஜபார் மச்சானுக்கு என் நேவி ஆசை ஒரு பகிடி. “வணிக முகாமைத்துவம் படிச்சவன் என்னோட வாடா. நேவியில சேந்து என்னையா புடிக்கப் போற?” என்பார். மஞ்சள் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியதிலிருந்து, நடுக்கடலில் இந்தியப் படகிடம் மஞ்சள் மூட்டை வாங்கி வருவதுதான் அவர் தொழில். எந்த வழியால், எந்த நேரம் என்று ராத்தாவிடம் மூச்சுவிட மாட்டார். என்னிடம் எல்லாம் சொல்வார்.

போன மாதம் இதே வேலைக்குப் போன பக்கத்து ஊர்ப் படகு கரையொதுங்கியது. ஆட்கள் ஒதுங்கவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் யாரும் கடலைப் பற்றிக் கதைப்பதில்லை. இன்றும் அதே கச்சான் காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இரவு மச்சான் கடலுக்குப் போவதாகத்தான் இருந்தார்.

வந்தவர் கதிரையில் அமர்ந்தார். நான் நீட்டிய சான்றிதழ்க் கோவையைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டார்.

“படிச்சது கிடக்கட்டும், மல்லி. வேல தெரியுமா எண்டு பாப்பம். சண்டை நேரம் எண்டு வைங்க. இந்தக் கரையால ஒருத்தருக்கும் தெரியாம சாமான் கொண்டு வரணும். எப்புடிச் செய்வீங்க?”

பல்கலைக்கழகம் ஒருநாளும் கேட்காத கேள்வி. ஆனால் எனக்கு விடை தெரிந்த கேள்வி. நெஞ்சு நிமிர்ந்தது.

“பெரிய துறை சரிவராது, சேர். வெளிச்சம் கூட. ஒதுக்குப்புறமா இறக்கி, லொறியில ஏத்தி, மூட்டைக்கு மேல உரிச்ச தேங்காப் பொச்சு அடுக்கினா ஒருத்தரும் கிண்ட மாட்டாங்க. விடிய முந்திச் சாமான் சிலாபம் டவுனுக்குப் போயிரும்.”

“கெட்டிக்காரன். படகு எப்பத் தள்ளுவீங்க?”

“இண்டைக்கு எண்டா பொழுதுபட்டு, மஃரிப் தொழுகை முடிஞ்ச கையோட...” நாக்கைக் கடித்துக்கொண்டேன். “ஒரு உதாரணத்துக்குச் சொன்னன், சேர்.”

“ஓம், ஓம். உதாரணத்துக்கு, எங்கயிருந்து?”

“உதாரணத்துக்கு, பழைய ஐஸ் கொம்பனிக்குப் பின்னால.”

மஞ்சள் என்ற சொல்லை மட்டும் நான் வாயால் எடுக்கவில்லை. அந்தளவுக்கு மடையன் இல்லை.

ராத்தா தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். வந்தவர் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து, வாசலில் நின்று போனில் சிங்களத்தில் கதைத்தார். எனக்குச் சிங்களம் விளங்கும். அன்று விளங்காமல் இருந்திருக்கலாம்.

“பழைய ஐஸ் கொம்பனிக்குப் பின்னால. படகைத் தள்ள முந்தி ஆளைப் பிடிங்க.”

“சேர், என்ட வேல...?”

கோவையை என் கையில் வைத்தார். “அதுக்கு விசாரிக்கிற ஆக்கள் வேற, மல்லி.”

மோட்டார் சைக்கிள் ஒழுங்கை தாண்டும்வரை காத்திருந்து, மச்சானுக்குக் கோல் எடுக்கப் போனேன். ராத்தா போனைப் பறித்துக்கொண்டாள்.

“தா ராத்தா. நான் மச்சானக் காட்டிக் குடுத்துட்டன்.”

“நீ இல்ல. பொலிசுக்குச் சொல்லி அந்த ஆளக் கூப்பிட்டது நான். எனக்கு இடமும் நேரமும்தான் தெரியாது.”

காற்றில் கேட்ட சொல் மாறிவிட்டதோ என்று அவளையே பார்த்தேன். போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“உனக்கென்ன பைத்தியமா? அவர மறியல்ல, கம்பிக்குள்ள போட்டுருவாங்க.”

கடல் இரைந்துகொண்டிருந்தது. ராத்தா அப்போதுதான் என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“மறியல்ல எண்டா, ஆள் உசிரோட இருப்பாரு.”